சித்தப்பாவின் தூரப்பெட்டி

வானத்தில் பறக்கிற விமானம் எத்தனை தூரத்தில் போகிறது என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடலாம், அதற்கு ஒரு கருவி உண்டு என்று சித்தப்பா சொன்னபோது சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற எங்கள் ஸ்கெலட்டன் லைனில் ஒருவரும் நம்பவில்லை. பீரங்கிப் படையிலிருந்து வந்தவர், கொஞ்சம் அடித்துவிடத்தானே செய்வார் என்று விட்டுவிட்டார்கள். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. லீவு நாட்களில் உட்கார்ந்து, தானே ஒன்றைச் செய்து முடித்தார்.

ஆறடிப் பலகை ஒன்று. அதன் இரண்டு முனையிலும் முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டுகள்; நடுவில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் இன்னும் இரண்டு துண்டு. டின்னில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு மெல்லிய கம்பி. ஒரு கண்ணால் பார்த்தால் அது வெறும் கம்பி. இரண்டு கண்ணாலும் பார்த்தால், அம்மாடி, இரண்டு கம்பியும் ஒன்றாகிப் பெட்டியை விட்டு வெளியே போய் மைதானத்தில் நிற்கும்! பக்கத்திலிருக்கிற திருகைத் திருகினால் கம்பி கிட்டே வரும், தள்ளிப் போகும். சுரங்கக் குழிக்கு மேலே நிற்கிற ஷாஃப்ட் கோபுரத்தின் பக்கத்தில் கம்பியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் திருகின் முள் ஒரு எண்ணைக் காட்டும். அதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டுகிற சயனைடு மேடு, கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்கிற ரயில், எதிர் லைன் குழாயடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தோம். குழாயடிக்காரிகளுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாயா, பொம்பளைங்க தண்ணி புடிக்கிற எடத்துல உனுக்கு இன்னா அளவு?" என்று ஒருத்தி குடத்தோடு சண்டைக்கு வந்தாள்.

அப்பா வைண்டர் டிரைவர். ஆட்களை ஷாஃப்டுக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜை மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். கேஜ் அவர் கண்ணில் படாது. எதிரே கேஜின் கயிற்றைச் சுற்றுகிற பெரிய உருளையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு குறி போட்டிருக்கும். அது பக்கத்தில் நிற்கிற முள்ளுக்கு நேராக வரும்போது பிரேக் போட வேண்டும். கொஞ்சம் தப்பினால் கேஜ் நிறைய உயிர் போய்விடும். சித்தப்பாவும் தினம் அந்தக் கேஜில்தான் இறங்கினார்.

அப்பாவின் வலது கண் கெட்டுக்கொண்டு வந்தது. அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார், நான் சத்தம் போடாமல் துடைத்துவிடுவேன். வெளியே தெரிந்தால் வைண்டரை விட்டு இறக்கிவிடுவார்கள். வைண்டர் டிரைவர் என்றால் எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைப்பார்கள். அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது, நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

ஆனால் அந்த வாரம் கேஜ் மேலே வந்து நிற்கையில் இரண்டு தடவை தூக்கிப் போட்டதாம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பெட்டியை எங்கள் வாசலுக்கே தூக்கி வந்து, "அண்ணா, நீயும் ஒரு தபா பாரேன்" என்றார். அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "கோபுரத்துக்கு இன்னா நம்பர் வந்துச்சு பாப்பா?" என்று மெல்லக் கேட்டார். பதினாலு என்றேன். வெளியே போய்ப் பெட்டியில் குனிந்து, கடைக்கண்ணை முள்ளின் மேல் வைத்துத் திருகி, பதினாலு வந்ததும் நிமிர்ந்தார். எனக்கு ஒரே குஷி. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நிக்கிறதை யார் வேணா சொல்லிடுவாங்கண்ணா. நடக்கிறதைப் பாக்கலாம்" என்றார்.

மைதானத்தில் புல்லுக்குள் ஒரு கல் கிடந்தது. நடக்கிறவர்களுக்குத் தெரியும், பெட்டியில் பார்க்கிறவருக்குத் தெரியாது. சித்தப்பா என்னைக் குடையோடு அங்கே நிறுத்தித் தானே கம்பியைக் குடைக்குச் சரியாக வைத்தார். பிறகு என்னை மைதானத்தின் அந்தக் கடைசிக்குப் போய், பெட்டியைப் பார்த்து நேராக நடந்து வரச் சொன்னார். குடையும் கம்பியும் ஒரே தூரத்தில் சேர்கிற நிமிஷம் அப்பா "நில்லு" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நடந்தேன். வாசலில் பாதி லைன் கூடியிருந்தது. அப்பாவின் முகம் டின்னுக்குப் பின்னால் இருந்தது. கல் நெருங்கியது, சத்தமே இல்லை. இன்னும் நாலு அடி. அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அப்பா தோற்பதா? கல்லருகே வந்ததும் நானே நின்றுவிட்டேன். குடை ஆடாமல் நின்றதைப் பார்த்திருப்பார் போல. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, "நில்லு!" என்று அப்பாவின் குரல் வந்தது.

லைனே கைதட்டியது. "டிரைவர்னா டிரைவருதாம்பா!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எது முன்னே, எது பின்னே என்று வேடிக்கை பார்க்கிறவர்கள் எங்கே கவனித்தார்கள்? குடையைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அப்பா வெகுநேரம் டின்னிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்ததும் சித்தப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"புள்ள தானா நின்னுச்சுடா. கேஜு தானா நிக்குமா?"

முதல் பாதியை எனக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன்பே அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த வாரம் அப்பாவை லாம்ப் ரூமில் போட்டார்கள், கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கைத் துடைத்துக் கொடுக்கிற வேலை. சைக்கிளை விட்டு இறங்குவதை ஜனங்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

சித்தப்பாவோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஜெயித்த மனுஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டவர் அவர்தான் என்று ஆத்திரம். அவருடைய பெட்டிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். அவர் திட்டவில்லை. கமர்கட் வாங்கி வந்தார், நான் கையால் தொடவில்லை. "நீதான் எங்கப்பாவைக் கெடுத்தே" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா கையைக் காட்டி அவரைத் தடுத்து, "ஆமாம் பாப்பா, நான்தான்" என்றார்.

கேஜ் நிறைய ஆட்களின் உயிரை நினைத்து அப்பாவை வைண்டரை விட்டு இறங்க வைத்தது, அவர் சொல்லுமுன்பே நான் அந்தக் கல்லருகே நின்ற ஒரு மூச்சு நேரம்தான். அது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் சித்தப்பா நான் போட்ட பழியை அத்தனை வருஷம் சுமந்தார் என்று ஒன்பது வயதுக்காரிக்கு எங்கே தெரியும்?