வலையிழுத்தவனுக்கு எத்தனை அகப்பை

பிள்ளைகளே, காலையில் நடந்துவிட்டு வந்து, கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்து, இவ்வளவு கலோரி எரிந்திருக்கிறது, அதனால் இன்னும் இரண்டு தோசை சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. உங்கள்மேல் இல்லை, அந்தக் கேள்வியின்மேல். அதே கேள்வி ஒரு கோடை முழுக்க என்னையும் நம் வீட்டையும் பிடித்து ஆட்டியது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உடம்பைப் பற்றி விஞ்ஞானமாக எதுவும் சொல்ல வராது. நடந்ததை எழுதித் தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு வந்து கட்டத் தொடங்கியிருந்த சமயம். நான் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலின் மேல்தளத்தில் இருந்துகொண்டு, பிடியை முன்னும் பின்னும் ஆட்டி, கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டைக் கட்டுகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. அதற்கு முன்னால் தோணியில் மூட்டை சுமந்தவன் நான். சுமை முதுகைவிட்டு இறங்கிவிட்டது, சுமந்த காலத்துச் சாப்பாடு மட்டும் தட்டைவிட்டு இறங்கவில்லை. ஒரு வருஷத்தில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனது.

அப்போது எங்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கப்பல் வந்தால் அடுப்பெரியும், வராவிட்டால் இல்லை என்று இருந்தவர்கள் நாங்கள். உங்களில் ஒருவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள், ஒருவர் தொட்டிலில். நிரந்தரம் என்றால் எங்களுக்கு அது சாதாரண வார்த்தை இல்லை. ஆனால் முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். அவர் என்னை எடைமேடையில் ஏற்றினார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். ஆட்களின் தலைக்குமேல் மூட்டையைத் தொங்கவிடுகிற வேலைக்கு இந்த அழுத்தமும் இந்த எடையும் ஆகாது, இரண்டு மாதம் தருகிறேன், குறைத்துக்கொண்டு வா, இல்லையென்றால் உனக்கு அடுத்து நிற்கிறவனை எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். சாப்பாட்டைக் குறை, உடம்பை அசை என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அசைத்த உடம்பு கூடுதலாகப் பசிக்குமே, அதற்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒன்றுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

திரேஸ்புரத்தில் இருந்த உங்கள் தாய்மாமாதான் வழி சொன்னான். அவனுக்குக் கரைவலையில் வேலை. படகு கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலை கரையேற வெகுநேரம் ஆகும்.

"மச்சான், ரோட்டுல சும்மா நடந்தீருன்னா நாய்தான் வெரட்டும். வந்து கயித்தப் பிடியும். ஒரு மாசத்துல வயிறு முதுகோட ஒட்டலன்னா என்னையக் கேளும்" என்றான்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் விடியற்காலையில் போய்க் கயிற்றைப் பிடித்தேன். மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து இழுக்க வேண்டும். முதல் நாளே உள்ளங்கை கன்றிவிட்டது, தொடை நடுங்கியது. உடம்பிலிருந்து ஏதோ உருகி ஓடுகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வலை கரையேறியது. வலை நிறையச் சாளை மீன், நல்ல பாடு. நான் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கூப்பிட்டு நிறுத்தி, ஓலைப்பெட்டி நிறையச் சாளையை அள்ளி நீட்டினார். எனக்கு மீன் வேண்டாம், நான் உடம்பு குறையத்தான் இழுத்தேன் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஏலே, கயித்தப் பிடிச்சவன் வெறுங்கையோட போனாம்னா அப்புறம் வலையில மீன் ஏறாது. ஒன் ஒடம்பு ஒன் பாடு, என் வலை என் பாடு. பிடிலே."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கரையில் அதுதான் முறை. வழிப்போக்கன் வந்து ஒரு கை கொடுத்தாலும் அவனுக்குக் கறிமீன் உண்டு, வாங்காவிட்டால் வலைக்கு ஆகாது. வாங்கிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள், எடையைக் குறைக்க ஒரு வேலை தேடிப் போனால், அந்த வேலையே சாப்பாட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறது.

வீட்டில் உங்கள் அம்மாவுக்குப் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பாதி பொரிந்தது, பாதி தேங்காய் அரைத்த குழம்பானது. குழம்பு அப்படி இருந்தால் சோறு எப்படிக் குறையும்? டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவள் அகப்பையை நிறுத்தவில்லை.

"சும்மாவா தின்னுதிய? இழுத்துல்லா வந்திருக்கிய. இழுத்த ஒடம்புக்குப் போடாம வேற எதுக்குப் போட?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. இழுத்தது போனது, தின்றது வந்தது, சரிக்குச் சரி என்று நினைத்தேன். வலை கனத்த நாளில் இரண்டு அகப்பை கூடியது. வலை இலேசாக வந்த நாளில் அது குறைந்ததா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நாள், கடலில் வலையே இறங்காது. அன்றைக்கும் தட்டு அப்படியே நிறைந்திருந்தது. வாரம் முழுக்க இழுத்த களைப்பு இருக்குமே என்பாள்.

மூன்று வாரம் கழித்து உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குப் போனேன். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு அங்கே இருந்தது. ஏறி நின்றேன். எடை குறையவில்லை. சொன்னால் வெட்கம், கொஞ்சம் கூடியிருந்தது. நிறுக்கிறவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உப்பு ஈரத்தக் குடிச்சா எடை கூடும், பாத்திருக்கேன். நீரு எதக் குடிச்சீரு?"

கிட்டங்கியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நேரே போய் உங்கள் மாமாவைப் பிடித்தேன். கொழுப்பு இறங்கிச் சதை ஏறுகிறது, சதைக்கு எடை அதிகம், பயப்படாதீர் என்று அவன் பெரிய வைத்தியன் மாதிரி பேசினான். வின்ச்சுப் பக்கத்தில் ஒருவர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். இன்னொருவர், இழுக்கிறவன் தின்னாவிட்டால் நரம்பு சுண்டிப்போகும் என்றார். ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் பேச்சும் என் இடுப்பில் ஒரு விரல்கடையைக் குறைக்கவில்லை.

மீனை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வருகிற வழியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அந்தத் தெருவில் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? எரிச்சலில் மறந்துவிட்டேன். சாயங்காலம் பெட்டியோடு ஒரு கிண்ணமும் வந்தது. கிண்ணத்தில் உளுந்தங்களி, நடுவில் குழித்து நல்லெண்ணெய், மேலே கருப்பட்டி. வலை இழுக்கிற ஆண்பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாளும் மீன் கொடுத்தேன், மறுநாளும் களி வந்தது. அந்தக் களிக்கு நான் சாளையையே தின்றிருக்கலாம்.

கோபத்தில் நேர் எதிர்ப் பக்கத்துக்குப் போனேன். இழுப்பேன், ஆனால் தின்னமாட்டேன் என்று முடிவு கட்டினேன். விடியற்காலையில் கயிறு, பிறகு ஒரு செம்பு நீராகாரம், நேரே துறைமுகம். உங்கள் அம்மா சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். நான் கேட்கவில்லை. இப்படிச் சில நாள் போனது. ஒருநாள் வெயில் ஏறின நேரம், உர மூட்டைக் கட்டு ஒன்றைப் பாதி உயரத்துக்குத் தூக்கியிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைகை காட்டுகிறவர் கையை மடக்கி நிறுத்தச் சொன்னது எனக்குத் தெரியவில்லை. கட்டு போய்க் கப்பலின் விளிம்பில் இடித்து, கீழே நின்ற ஆட்களின் தலைக்குமேல் ஊசலாடியது. அவர்கள் ஓடி ஒதுங்கிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி என்னை அன்றைக்கு இறக்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் நிரந்தரம் இருக்கட்டும், தினக்கூலிக்கும் வராதே என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தின்றாலும் வேலை போகிறது, தின்னாவிட்டாலும் வேலை போகிறது, நான் என்னதான் செய்வது என்று கத்தினேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் கிளம்பும்போது உங்கள் அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டாள். மத்தியானச் சோற்றுக்கான அரிசியைப் படியில் அளந்து தனியாக ஒரு சட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

"இதான் இன்னைக்கு ஒங்க சோறு. மலையப் பெரட்டிட்டு வந்தாலும் இதான், சும்மா படுத்துக் கெடந்தாலும் இதான். களைச்சி வந்த மனுசங்கிட்ட எனக்கு இல்லன்னு சொல்ல வராது. அதான் இப்பமே அளந்துட்டேன்."

கயிறு இழுக்கிற நாளில் மட்டும், இழுத்துவிட்டு வந்ததும் ஒரு கும்பா கஞ்சி, ஒரு துண்டு கருவாடு. அது மயங்கி விழாமல் வின்ச்சில் நிற்பதற்கு. அதற்குமேல் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கஞ்சியும் கிடையாது. மீன் வந்தால் வேறு கறி வைக்கமாட்டாள், பொரிக்கவும் மாட்டாள், புளி ஊற்றிக் காய்ச்சுவதோடு சரி. மிச்ச மீனை உப்புப் போட்டுக் காயவைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்கு மீன் போகாததால் களியும் நின்றது.

இதை நான் பணிவாக ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். தினமும் சண்டை. கப்பல் வராத ஒருநாள் இரண்டு தடவை வலை வளைத்தார்கள், இரண்டையும் இழுத்துவிட்டு வந்தேன்.

"இன்னைக்கு ரெண்டு வலை இழுத்திருக்கேன்" என்றேன்.

"நான் இழுக்கச் சொன்னனா?"

"ஒரு அகப்பையாவது போடு."

"காலையிலயே கேட்டிருக்கணும்."

காலையில் எனக்கு எப்படித் தெரியும், மீன் எப்போது வருமென்று சொல்லிவிட்டா வருகிறது என்று நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அந்தக் கவிழ்த்த சட்டியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆத்திரத்தோடுதான் ஒன்றை யோசித்தேன். கயிற்றில் எனக்கு முன்னால் ஒரு வரிசை, எனக்குப் பின்னால் ஒரு வரிசை. வலை வந்தது வாஸ்தவம். அதில் நான் இழுத்தது எவ்வளவு? முன்னால் நின்றவன் இழுத்ததையும் அலை தள்ளியதையும் சேர்த்து நான் என் வயிற்றின் பேரில் எழுதிக்கொண்டேனோ என்னவோ. பட்ட பாடு பெரிதாகத் தெரிகிறது, போட்ட சோறு சிறிதாகத் தெரிகிறது. களைப்பாக இருக்கிறவனை நம்பி அளக்கச் சொன்னால் அவன் எப்போதும் தனக்குச் சாதகமாகத்தான் அளப்பான். உங்கள் கடிகாரம் என்னைவிட நன்றாக அளக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

எடை இறங்கியது, மெதுவாக. நடுவில் ஒரு வாரம் காரணமே இல்லாமல் அப்படியே நின்றது. அந்த வாரம் நான் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகவே மறுபடி இறங்கியது. வின்ச்சில் அதற்குப் பிறகு ஒருநாளும் கண் இருட்டவில்லை.

கெடு முடிந்து டாக்டரிடம் போனபோது உங்கள் அம்மாவும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் எடை பார்த்தார். அவர் சொன்ன அளவுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தார், அது நன்றாக இறங்கியிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தார், எழுதவில்லை. என்ன செய்தாய் என்று கேட்டார். கரைவலை என்று தொடங்கினேன். அதற்குள் வாசல் பக்கம் நின்ற உங்கள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"டாக்டரய்யா, ஒழைச்சிட்டு வந்தவுகளுக்குக் கூடச் சோறு போடணுமா, போடக் கூடாதா? அத மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. வீட்டுல தெனமும் இதுதான் சண்ட."

டாக்டர் அவளிடம், நீ எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். அவள் சொன்னாள்: விடியற்காலையில் அளந்தது, ஒரு கும்பா கஞ்சி, பொரிக்காத மீன், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். மிச்ச எடையை அடுத்த வருஷப் பரிசோதனைக்குள் குறைக்க வேண்டும் என்று ஓரத்தில் ஏதோ எழுதினார். அவளிடம், அப்படியே செய்யுங்கம்மா என்றார். என்னிடம், வீட்டில் சொல்வதைக் கேள் என்றார்.

விடியற்காலையில் எழுந்து கை கன்ற இழுத்தவன் நான். வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ கேட்டதுக்கு அவரு பதிலே சொல்லலியே" என்றேன்.

"கையெழுத்துப் போட்டாருல்லா" என்று சொல்லிவிட்டு, உங்கள் அம்மா பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.