கறுப்புக் கணவாய்க் கறியும் நான் சொன்ன வார்த்தையும்

யுத்த காலத்தில் ஒருநாள், ஊர் ஊராகச் சமையல் காட்டும் தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் கண்டக்குழிக்கு வந்தார்கள். கணவாயை அதன் மையோடேயே ஆக்கும் கறுப்புக் கறியைச் செய்து காட்டினேன். நாக்கெல்லாம் கறுத்துப்போக அவர்கள் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கணவாய் இப்பதான் கடலால வந்த மாதிரி இருக்கே?" என்றார் அறிவிப்பாளர்.

"எங்கட நானா ராவு லாம்பு வெளிச்சத்துல புடிச்சது" என்றேன், அண்ணனை நினைத்துப் பெருமையாக.

அப்போது இரவில் கடலுக்குப் போகத் தடை. பலரும் களவாகப் போய்வந்ததால் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாளே சீருடைக்காரர்கள் வந்து நானாவைக் கூட்டிப்போனார்கள். போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாத காலம் அது. மதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். எல்லாம் என் வாயால் வந்தது.

அல்லாஹ் காப்பாற்றினான். விசாரித்துவிட்டு, கடலுக்குப் போகும் பாஸை மட்டும் பறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

"டீவீல நல்லாத்தான் கதைச்ச, தங்கச்சி" என்றார் நானா. பாஸ் திரும்பக் கிடைக்கும்வரை கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்தினார்.

இப்போது தடையேதும் இல்லை. விடுதிகளுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் என் கறியைச் சாப்பிட்டுவிட்டு, கணவாய் எங்கே பிடித்தது என்று கேட்பார்கள்.

"சந்தையில வாங்கினது" என்பேன்.

பக்கத்திலேயே நானா, இரவு கொண்டுபோன லாம்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.