கை காட்டினால் நிற்கும் பஸ்

1. டாட்டா

அந்த வீடியோ முடிந்ததும் சொக்கு சார் திட்டவில்லை. லேப்டாப்பைக்கூட மூடவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். எங்கள் கம்பெனிக்குக் கண்டம் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இலுப்பூரில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று பேர், அவ்வளவுதான். முதலாளி சொக்கலிங்கம் திருமயம் பக்கத்துக்காரர், பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். புரோகிராம் எழுதுவது ஆரோக்கியராஜ், ஆவூர்க்காரர். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம், ஆனால் அந்த நாலில் ஒன்று நம்மைச் சிரிக்க வைக்கும். படம் வரைவது நான், செல்வி.

இரண்டு பக்கமும் பட்டன், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்கிரீன் என்று கையில் பிடித்து விளையாடுகிற கன்சோல் இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு கேம் செய்துகொண்டிருந்தோம். பெயர் 'மினி பஸ்'. அந்தக் காலத்து வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாகத் தெரிகிற பிக்சல் ஆர்ட். விளையாடுகிறவர்தான் டிரைவர். கிராமம் கிராமமாக ஓட்டி, ஆளை ஏற்றி இறக்கி, இருட்டுவதற்குள் டவுனுக்குத் திரும்ப வேண்டும்.

வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவர், வரப்போகிற சின்னச் சின்ன கேம்களை எல்லாம் சேர்த்து ஆன்லைனில் ஒரு ஷோ நடத்துவார். அதில் இடம் கிடைத்தால் கேம் வெளியே வரும். கிடைக்காவிட்டால் சொக்கு சார் பெங்களூருக்கே திரும்பிவிடுவார், ஆரோக்கியராஜுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிடும். நான் பழையபடி ஃபிளெக்ஸ் போர்டுக்குப் போக வேண்டியதுதான்.

இடம் தருவதற்கு முன் பப்ளிஷரின் டெஸ்டர் டெமோவை விளையாடிப் பார்ப்பார். ஹன்னா என்று ஒரு பெண். அவர் விளையாடியதன் வீடியோவைத்தான் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பஸ் கிளம்பியது. புளியமரத்தடியில் முதல் ஆள் கையைத் தூக்கினார். ஹன்னாவுக்கு ஒரே சந்தோஷம். "எவ்வளவு அன்பான ஜனங்கள், டாட்டா காட்டுகிறார்களே!" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஹாரனை இரண்டு தடவை அடித்தார். அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அடுத்து ஒரு அம்மா கை காட்டினார், அவருக்கும் ஹாரன். அடுத்த ஊரில் ஒரு குடும்பமே கை காட்டியது. அவர்களுக்குக் கூடுதலாக ஒரு ஹாரன்.

சாயங்காலம் பஸ் காலியாக டவுனுக்கு வந்து சேர்ந்தது. நான் ரசித்து ரசித்து வரைந்த பஸ் ஓனர் ஸ்கிரீனில் வந்து குதியாய்க் குதித்தார். ஏன் திட்டுகிறார் என்று ஹன்னாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

2. மூக்குக்கு இடமில்லை

நான் இந்த வேலைக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நான் புதுக்கோட்டையில் ஃபிளெக்ஸ் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் நடக்கும். "தாய்மாமன் மூஞ்சி பத்தலம்மா, இன்னும் பெருசாக்கு" என்பார்கள், ஆக்குவேன். "மாப்பிள்ளைய செவப்பா காட்டு" என்பார்கள், காட்டுவேன். ஒரே போர்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் தலையும் வர வேண்டும், ஒரு தலை விட்டுப்போனால் சண்டை. ராத்திரி கண்ணை மூடினால் பல்லைக் காட்டிக்கொண்டு தலைகளாக வரும்.

இங்கே வந்த முதல் நாள் சொக்கு சார் ஒரு கட்டத்தாளைக் காட்டினார். பதினாறு கட்டம் அகலம், இருபத்து நாலு உயரம். அதற்குள் ஒரு முழு மனிதர் நிற்க வேண்டும். நான் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

"மூக்கு வேணாங்க செல்வி. மூக்கு வெச்சா வாய்க்கு எடம் பத்தாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பழகப் பழக அந்த வேலை எனக்கு அப்படிப் பிடித்துப் போனது. ஒரு கட்டத்தைத் தள்ளி வைத்தால் ஆளுக்குக் கூன் விழும், இன்னொன்றை எடுத்தால் பத்து வயது குறையும். நிறமும் மொத்தமே பதினாறுதான் என்று முடிவு செய்திருந்தோம், பழைய கேம் மாதிரி இருக்க வேண்டுமே. யாரையும் சிவப்பாக்கச் சொல்லி யாரும் வந்து நிற்கவில்லை. நிம்மதியாக இருந்தேன்.

3. அம்புக்குறி

தப்பு எங்கே நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தோம். யோசிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கம் மினி பஸ்ஸுக்கு ஸ்டாப் எல்லாம் பெயருக்குத்தான். எங்கே கை காட்டினாலும் நிற்கும். அதனால் கேமில் ஒரு ஸ்டாப்கூட நாங்கள் வைக்கவில்லை. அதை ஒரு குறையாக மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டெமோவை யாரிடம் கொடுத்துப் பார்த்தோம்? கீழே உரக்கடைக்காரரிடம். அவர் ஒரு ஆளை விடாமல் ஏற்றிக்கொண்டு வந்து, "டாப்புல ஏத்த முடியாதா? எடம் வேஸ்டா கெடக்கே" என்று கேட்டார். நாங்களும் கேம் பிரமாதம் என்று அனுப்பிவிட்டோம்.

அடுத்த வாரம் ஹன்னா இன்னொரு தடவை விளையாடுவார், அதுவும் நேரடியாக, வீடியோ காலில். அதுதான் கடைசி வாய்ப்பு.

"போர்டு நட்டு பஸ் ஸ்டாப் வெச்சிருவோம்" என்றார் சொக்கு சார்.

"ஸ்டாப் வெச்சா அது கவர்மென்ட் பஸ் ஆயிரும் சார்" என்றார் ஆரோக்கியராஜ்.

"அப்பன்னா ஏறுற ஆளு தலைக்கு மேல மஞ்சளா ஒரு அம்புக்குறி. எல்லா கேம்லயும் இருக்கறதுதானே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் குரல் கீழே உரக்கடை வரை கேட்கும். "எங்க ஊர்ல யாரும் தலைக்கு மேல அம்பு வெச்சுக்கிட்டு நிக்கமாட்டாங்க சார். அம்பு போட்டா எல்லாரும் அம்பத்தான் பாப்பாங்க. ஆள எவன் பாப்பான்? அப்புறம் நான் எதுக்கு ஆளு வரையணும்? ஒரு முட்டைய வரைஞ்சு மேல அம்பு போட்டுட்டா போதுமே!"

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க. அம்பு இல்லாம புரியிற மாதிரி காட்டிருங்க. நாலு நாள் டைம். இல்லன்னா அம்புதான்."

வாய் பேசிவிட்டது. கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

4. முன் சீட்டு

மறுநாள் காலை மினி பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். போகிற கடைசி ஊருக்கு டிக்கெட், திரும்பி வர டிக்கெட், மறுபடியும் போக டிக்கெட். டிரைவர் முருகேசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க, எங்கயும் எறங்காம அங்கிட்டும் இங்கிட்டுமா வாரீங்க?"

"ஒரு வேலைங்க. ரோட்டுல நிக்கறவுங்க ஏறப் போறாங்களா, சும்மா நிக்கிறாங்களான்னு ஒங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? நிப்பாட்டணும்னு தோணும், நிப்பாட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன வரைவது?

வளைவில் சின்னப் பிள்ளைகள் கை ஆட்டின. முருகேசன் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ஹன்னாவும் இதைத்தானே செய்தார், அவரை எப்படிக் குறை சொல்வது? அடுத்து ஒருவர் கை காட்டினார், பஸ் நின்றது. அவர் ஏறவில்லை. ஒரு பலாப்பழத்தைத் தூக்கி உள்ளே வைத்து, "அடுத்த ஊர்ல எங்க மச்சான் நிப்பாரு, குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அடுத்த ஊரில் மச்சான் நின்றார். பழமும் இறங்கியது.

மூன்றாவது நடையில்தான் பிடிபட்டது. தூரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். இன்னும் கையே தூக்கவில்லை, ஆனால் முருகேசனின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அந்தப் பெண் என்ன செய்தார்? தரையில் வைத்திருந்த பையைத் தூக்கினார். ஒரு எட்டு தார் ரோட்டை நோக்கி வைத்தார். கை அதற்கப்புறம்தான் மேலே வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆளாகக் கவனித்தேன். ஏறப் போகிறவர்கள் பஸ்ஸைக் கண்டதும் முதலில் குனிந்து சாமானை எடுக்கிறார்கள். ஏறாதவர்களின் சாமான் கீழேயே கிடக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் நானும் பை தூக்கித்தான் பஸ் ஏறியிருக்கிறேன். ஒரு நாளாவது இதைப் பார்த்திருக்க வேண்டாமா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முருகேசன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்திவிட்டார்.

5. மஞ்சப் பை

ஆபீஸுக்கு ஓடி வந்து வரைந்தேன். முதலில் கட்டைப் பையைப் பழுப்பு நிறத்தில் வைத்தேன், செம்மண்ணில் ஒட்டிக்கொண்டு தெரியவே இல்லை. துணிக்கடை மஞ்சப் பையாக மாற்றினேன், பளிச்சென்று வந்தது. பை தரையில், குனிவது, எடுப்பது, ஓர் எட்டு, பிறகு கை. ஐந்தே ஃப்ரேம். பஸ் ஸ்கிரீனுக்குள் நுழைந்ததும் இது ஓடுகிற மாதிரி ஆரோக்கியராஜ் எழுதிக் கொடுத்தார். வெறுங்கையோடு டாட்டா காட்டுகிற பிள்ளைகளையும் நான் சேர்த்தேன். அவர்களுக்கு ஹாரன் அடித்தால் குதிப்பார்கள். ஹன்னா அடித்த ஹாரனை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

சொக்கு சார் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

"நமக்குப் புரியுதுங்க செல்வி. அந்தம்மாவுக்குப் புரியுமா? மினி பஸ்ஸே தெரியாத ஆளு யாருகிட்டயாச்சும் குடுத்துப் பாத்துருவோமே?"

மினி பஸ் தெரியாத ஆளுக்கு இலுப்பூரில் நாங்கள் எங்கே போவது? அப்படியேதான் அனுப்பினோம். அனுப்பும்போது சார், "ஒங்கள நம்பி வுடுறேன்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

6. வீடியோ கால்

மத்தியானம் மூன்று பேரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். ஸ்கிரீனின் ஒரு மூலையில் ஹன்னாவின் முகம், மீதியெல்லாம் எங்கள் ரோடு. குறுக்கே எதுவும் பேசக் கூடாது என்பது அவர்கள் கண்டிஷன்.

முதலில் பிள்ளைகள் வந்தார்கள். ஹன்னா ஹாரன் அடித்தார், பிள்ளைகள் குதித்தார்கள், அவர் சிரித்தார். அடுத்து புளியமரத்தடி ஆள். குனிந்து பையை எடுத்தார், ஓர் எட்டு வைத்தார், கையைத் தூக்கினார். ஹன்னா ஹாரன் அடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

சொக்கு சார் கண்ணை மூடிக்கொண்டார். தாய்மாமன்கள் வரிசையாகக் கண் முன்னால் வந்தார்கள்.

திடீரென்று பஸ் நின்றது. ஹன்னா பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கடைசி ஊரில் பஸ்ஸைத் திருப்புவதற்காக ஆரோக்கியராஜ் வைத்திருந்த ரிவர்ஸ் கியர் விழுந்தது. பஸ் மெதுவாகப் பின்னால் வந்தது, புளியமரம் வரைக்கும். கதவு திறந்தது.

"சாரி, சாரி" என்றார் ஹன்னா. எங்களிடம் இல்லை, அந்த ஆளிடம். "அவர் கையில் பை இருந்ததே, நான் பார்க்காமல் போய்விட்டேன்."

அதற்கப்புறம் அவர் ஒருவரையும் விடவில்லை. மஞ்சள் நிறம் அசைந்தால் பிரேக். சாயங்காலம் பஸ் நிறைய ஆட்களோடு டவுனுக்கு வந்தது. ஷோவில் எங்களுக்கு இடம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார். சார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். ஆரோக்கியராஜ் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீடியோ காலை முடிக்கிற நேரத்தில் ஹன்னா ஒன்று கேட்டார். "அந்த மரத்தடி மனிதர், அவர் எங்கே போகிறார்?"

நாங்கள் அதை எழுதவே இல்லை. கேமில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. எனக்கு வந்த இங்கிலீஷில் உடனே சொன்னேன்: "மகள் வீட்டுக்கு. பேரன் பிறந்திருக்கிறான்."

"அப்படியானால் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று" என்றார் அவர்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர், எத்தனை நிறம் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். நம் ஊர் தெரியாத ஒருத்தர் விளையாடப் போகிறார் என்பதற்காக ஊரை மாற்றாதீர்கள், தலைக்கு மேல் அம்பும் போடாதீர்கள். ரோட்டுக்குப் போய் ஆட்களைப் பாருங்கள், அவர்கள் என்ன செய்கிறார்களோ அதைச் சரியாக வரையுங்கள். சரியாக வரைந்தால், எங்கேயோ இருக்கிற ஒரு அம்மா நீங்கள் வரைந்த ஆளுக்காக பஸ்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டு வருவார்.