டெஸ்ட் எடுக்காமல் அனுப்பிய வருஷம்

என் அம்மா தெய்வாத்தாள் சிங்காநல்லூர் மில்லில் இருபத்தெட்டு வருஷம் நூல் சுற்றியவள். அவள் அக்கா பழனாத்தாள் கர்ப்பப்பைப் புற்றுநோயில் போன பிறகு, தை பிறந்தால் போதும், டெஸ்டுக்குக் கிளம்பிவிடுவாள். பன்னிரண்டு வருஷமும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

1997இல் அவளுக்கு எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். இத்தனை வருஷம் நன்றாகவே இருந்திருக்கிறார், இந்த வயதுக்கு மேல் இந்த டெஸ்டால் வலிதான் மிச்சம், நிறுத்திவிடலாம் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அதை அம்மாவிடமே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும். மடையன், பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. இனி டெஸ்டே வேண்டாம்னுட்டாங்க."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. பெரியம்மாவின் கடைசி நாட்களில் டாக்டர் இப்படித்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையை விரித்தார். பெரியம்மாவிடம் போய், ஒன்றுமில்லை, இனி டெஸ்டே வேண்டாமாம் என்று சிரித்துக்கொண்டே பொய் சொன்னது அம்மாதான்.

அடுத்த வாரம் அம்மா காதுத் தோட்டைக் கழற்றி என் தங்கை பூவாத்தாளிடம் கொடுத்தாள். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். நோயே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, குரலைத் தாழ்த்தி, டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கிறார் என்று கேட்டார்கள். ஒருவரைக் கோபத்தில் வெளியே போகச் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

மூன்று மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள். டாக்டரம்மாவை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கே உங்களிடம் பேசாதது என் தப்பு என்று சொல்லி, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். காபி குடிக்காமல் போகக்கூடாது என்றாள். அவர் கார் கிளம்பியதும் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"பாவம், அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல வரலை. இனிமே கூட்டியாந்து சங்கடப்படுத்தாத கண்ணு."

அதற்குப் பிறகு கஞ்சியையும் வேண்டாமென்றுவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள்.

எழவுக்கு வந்தவர்கள், கேன்சர்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.