டீமேக்கர் கத்தியிலிருந்து கழன்ற வெள்ளி மீன்

டீமேக்கர் வேலாயுதம் தன் மடக்குக் கத்தியை என் பட்டறைப் பலகையில் வைத்தார். கைப்பிடியில் மீன் இல்லை. மீன் இருந்த இடத்தில் வெறும் குழி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த வெள்ளி மீனை நான் அரக்கு வைத்துப் பதித்துக் கொடுத்திருந்தேன். இனி அசையாது என்று வாய் கூசாமல் சொல்லியும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பதுளைக் கடைவீதியில் தோட்டத்துச் சனம் நெருக்கியடிக்கிற நேரம். பார்க்கிறவர்கள் எல்லாம் என் வேலையின் லட்சணத்தைப் பார்க்கட்டும் என்பதுபோல் கத்தி அங்கே கிடந்தது.

அது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும், பதுளைவரை இன்னும் வராத காலம். நான் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சாமான் கடை முன்புறத்தில் உட்கார்ந்து கத்தி, பூட்டு, குடை ரிப்பேர் பார்த்துவந்தேன். ஊர் என்னை ஆசாரி என்று கூப்பிடும். மடக்குக் கத்திக் கைப்பிடியில் பதித்த பூவோ நட்சத்திரமோ சிப்பித் துண்டோ ஆட்டங்கண்டால் ஹல்துமுல்லையிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். கங்காணிமாருக்கு அந்தக் கத்தி பாக்குச் சீவ மட்டுமல்ல. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் அதை மெதுவாக விரித்து மடக்கினால்தான் அவர்களுக்கு மதிப்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதித்த துண்டு தானாகக் கழலாது. கொட்டைப் பாக்கைக் கைப்பிடியால் இடித்து உடைப்பார்கள். மழையில் நனைந்த கத்தியை அடுப்போரம் காயவைப்பார்கள். மரம் ஊதிச் சுருங்கும், துண்டு பிடியை விடும். அதோடு நிற்பார்களா? தாங்களே ஒட்டிப் பார்ப்பார்கள். பூனாகலைக் கங்காணி ஒருவர் வெல்லப்பாகு வைத்து ஒட்டியிருந்தார். பெரட்டில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் எறும்பு அவர் இடுப்பில் ஏற, மனுஷன் ஆடின ஆட்டத்தைத் தோட்டமே பார்த்ததாம்.

என் முறை வேறு. குழியில் உள்ள பழைய பிசினைச் சுரண்டி எடுப்பேன். குழியின் அடிப்பக்கத்தை மேல்வாயைவிட ஒரு மயிரிழை அகலமாக்குவேன். செங்கல் பொடி கலந்த அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி உள்ளே விட்டு, துண்டையும் சூடு காட்டி அழுத்திவிடுவேன். ஆணி அடிக்க மாட்டேன். ஆணி அடிப்பது வேலை தெரியாதவன் செய்வது என்று எனக்கு அப்போது ஒரு திமிர்.

"மீன் போயிருச்சு ஆசாரி" என்றார் டீமேக்கர்.

"அதுக்கென்னங்க ஐயா, புதுசா ஒண்ணு வெட்டிப் பதிச்சுர்றேன்."

"புது மீன் யாருக்கு வேணும்? பழசு நேத்து ஸ்டோருக்குள்ள விழுந்திருக்கு. தேயிலையோட கலந்திருந்தா என்ன பண்றது?"

ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே இலை வாடுவதிலிருந்து பெட்டியில் ஏறுவதுவரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. நேற்று அடைத்த பன்னிரண்டு பெட்டிகளையும் ஈயத் தகடு பற்றவைத்து மூடியாகிவிட்டது. மறுநாள் காலையில் மாட்டுவண்டி பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் புறப்படும்.

"சீமையில ஒருத்தன் தேயிலையில மீன் கெடந்துச்சுன்னு எழுதினாப் போதும், என் சீட்டுக் கிழிஞ்சிரும். வேலை போனா வீட்டையும் விடணும். நாலு புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது?"

சிரித்துப் பேசுகிற மனிதர். அன்று அவர் உதடு காய்ந்திருந்தது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதலாளி வெளியே வந்தார்.

"ஆசாரி, எழும்பிப் போ. ஒட்டினது நீதானே? கடையை நான் பாத்துக்கொள்றன்" என்றார்.

இரண்டு பேரும் மலையேறினோம். ஸ்டோரில் அன்று வேலை இல்லை. செல்லம்மா என்கிற பெண் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சல்லடை, தட்டு, சாம்பிள் பை, பலகை இடுக்கு, அவள் கூட்டிச் சேர்த்த தூசி எல்லாவற்றையும் கிளறினோம். மீன் இல்லை. டீமேக்கர் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது.

"கத்தியை வேலை நேரத்துல எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன்.

தேயிலையைச் சூட்டில் காயவைக்கும் மெஷினின் மேல்தட்டைக் காட்டினார். "இங்கதான். கைக்கு வாட்டமா இருக்கும்."

"வேலை நடக்கையில இந்தத் தட்டு சுடுமா?"

"கை வைக்க முடியாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அரக்கை இளக்க நான் கடையில் நெருப்பூதிச் சாகிறேன். இவரோ அதை நாள் முழுக்க நெருப்புமேல் வைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கத்தியை எங்கே வைப்பீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் அந்த இடத்தில்தான் என் மூளையும் கொஞ்சம் வேலை செய்தது.

"ஐயா, இளகின அரக்கு முதல்ல தொட்டதை விடாது. மீனு முதுகுல அரக்கு இருந்திருக்கு. நிமிந்து விழுந்திருந்தா இந்தத் தட்டுலயே ஒட்டியிருக்கும். ஒட்டலை. அப்ப குப்புற விழுந்திருக்கு, அதுமேல எதையோ வச்சிருக்கீங்க. நேத்து இங்க என்னென்ன வச்சீங்க, சொல்லுங்க."

"சாம்பிள் பை வச்சேன். அதை இப்பத்தானே பாத்தோம். என் தோள்துண்டு..." அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தொரை வந்தாரு. குனிஞ்சு தேயிலையை மோந்து பாத்தாரு. தொப்பியக் கழட்டி இங்கதான் வச்சாரு."

செல்லம்மா கூட்டுவதை நிறுத்தினாள். "அதைத்தான் தேடுறீங்களா? நேத்துக் கொழுந்து நிறுக்கையில நாங்க எல்லாம் பாத்தோங்க. தொரை தொப்பி விளிம்புக்கு அடியில, பின்பக்கமா, மினுமினுன்னு ஒரு வெள்ளி. கவுருமெண்டுல தொரைக்கு ஏதோ பட்டம் குடுத்திருக்காங்கன்னு கங்காணி சொன்னாருங்க."

"ஒருத்தரும் கேக்கலையா?"

"தொரை தலையில இருக்கிறதை நாங்க கேக்கிறதுங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் பெட்டி சுத்தம். பேசாமல் இருந்துவிடலாமே என்று டீமேக்கரிடம் சொன்னேன்.

"பட்டம்னு இவங்க சொன்னதை நம்பிப் பெட்டியை வண்டியில ஏத்திவிடறதா? என் கண்ணால பாக்கணும் ஆசாரி. பாக்கணும்னா சொல்லித்தான் ஆகணும்" என்று பங்களாவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

துரை தொப்பியோடு ரோஜாச் செடிகளுக்கு நடுவே நின்றார்.

"என்னா டீமேக்கர், இன்னிக்கு லீவு இல்லே?"

"தொரை கோவிச்சுக்கக் கூடாது. தொப்பியைக் கொஞ்சம் கழட்டிப் பாக்கணுங்க."

துரை கழற்றித் திருப்பினார். விளிம்பின் அடியில் என் மீன் பளபளவென்று, வாலைத் தூக்கியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. டீமேக்கர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். துரை நகத்தால் நெம்பினார். மீன் அசையவில்லை. இன்னும் பலமாக நெம்பினார். துணிதான் கிழியப் பார்த்தது.

"யாரு ஒட்டினது?"

"நான்தாங்க தொரை" என்று முன்னால் வந்தேன்.

"கத்தியிலே நிக்கலே. தொப்பியிலே ரொம்ப நல்லா நிக்குது." அவர் மீசை ஒரு பக்கம் துடித்தது. பிறகு முகம் மாறியது. "டீமேக்கர், இது தேயிலையிலே போனா?"

"போகலைங்க. ஆனா போயிருக்கலாம். தப்பு என்னுதுதாங்க."

"அரக்கு சூட்டுல நிக்காதுன்னு நான்தாங்க சொல்லாம விட்டேன்" என்றேன்.

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்த நாலு பிள்ளைகளும் என் கண்முன் மூட்டையோடு நின்றார்கள்.

"நாளைக்கு வண்டி போகும். இனிமே கத்தி ஸ்டோர் உள்ளே வந்தா, நீ ஸ்டோர் வெளியே. சரியா?"

"சரிங்க தொரை."

பங்களா குசினியில் ஒரு கரண்டியைச் சுடவைத்து வாங்கி, மீன்மேல் வைத்து மெதுவாக எடுத்தேன். தொப்பியில் பழுப்பாக ஒரு மீன் தடம் நின்றுவிட்டது. துரை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியை வைத்துக்கொண்டு செடிகளிடம் போய்விட்டார்.

ஸ்டோர் வாசலுக்கு வந்ததும் டீமேக்கர் படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆணியில்லாத வேலை என்ற என் பெருமைக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் பார்த்ததே. மீனை அவர் கையில் கொடுத்தேன்.

"பண்டாரவளையில கைவேலைக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவருகிட்டக் குடுத்துப் பதிச்சுக்குங்க ஐயா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியையும் மீனையும் சேர்த்து என் கையிலேயே வைத்தார்.

"அவருக்கு என்ன தெரியும்? இது எங்க கழலும்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

கொஞ்ச நேரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "இனிமே நாள் முழுக்க இது எங்க இருக்கும் ஐயா?" என்று கேட்டேன். அத்தனை வருஷத் தொழிலில் பதிக்கும் முன்னால் அந்தக் கேள்வியை நான் ஒரு மனிதரிடம் கேட்டது அன்றைக்குத்தான்.