மூன்று நைலான் சேலைகள்

மாசி வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த நைலான் சேலையைக் கொடியிலிருந்து உருவும்போது 'சடசட'வென்று ஒரு சத்தம் கேட்கும்; கையிலுள்ள பூனைமயிர் எழுந்து நிற்கும். திருத்தங்கலில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, நான் எட்டாம் வகுப்புக்குப் போகும்வரை நானும்தான்.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். சரியாக அச்சாகாமல் கழித்துப்போட்ட தாள்களை என் நோட்டுகளுக்கு அட்டை போடக் கொண்டுவருவார். அப்படி வந்த ஓர் அறிவியல் புத்தகத் தாளில்தான், நைலான் உடம்பில் உரசினால் மின்சாரம் சேரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும் வெடிமருந்து பற்றிக்கொள்ள என்று படித்தேன். அம்மா பட்டாசுக் 'கம்பெனி'யில் மருந்து செலுத்தும் அறையில் இருந்தாள். வேலைக்குக் கட்டிப்போக அவளிடம் இருந்த மூன்று சேலைகளும் நைலான்.

யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது, எடுத்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். பள்ளிக் கண்காட்சிக்கு நைலான் துணியையும் சீப்பையும் காகிதத் துணுக்குகளையும் வைத்து ஒரு சோதனை தயார் செய்தேன். அறிவியல் டீச்சர் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க தாயி. ஆனா கண்காட்சியத் தெறந்து வைக்கிறதே கம்பெனிக்காரகதான். நீ எரிமலை செஞ்சு வையி."

எரிமலை செய்தேன். இரண்டாம் பரிசாகக் கிடைத்த டிபன் டப்பாவை வீட்டில் காட்டவேயில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் நைலானையே கட்டினாள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு விடியற்காலையில் மூன்று சேலைகளையும் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன். அவள் திட்டிக்கொண்டே பக்கத்து வீட்டில் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். அதுவும் நைலான்தான். கம்பெனி வேன் போய்விட்டது. வேலை இல்லாமல் திரும்பி வந்தவள் வாசலிலேயே வெடித்தாள்.

"எனக்குத் தெரியாததையா நீ கண்டுபுடிச்சிட்ட? போர்மேன் தெனமுஞ் சொல்றாக. ஒடம்புல சேந்த கரண்டு எறங்கட்டும்னு செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ளயே போறோம். பருத்தியில மருந்து ஏறுனா எம்புட்டு அலசுனாலும் போகாது, காலையில கட்ட ஈரமாத்தான் கெடக்கும். யாரு தொவைக்கிறது, நீயா?"

நான் துவைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்பதுதான் என்னை அடித்துப்போட்டது. தெரியாதவர்களுக்குத் தெரியவைக்கலாம், தெரிந்தே போகிறவர்களை என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

இன்று நான் காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் மாணவர்கள் நிலைமின்சாரத்துக்கு வரையறை சுத்தமாக எழுதுகிறார்கள். உதாரணம் கேட்டால் சீப்பும் காகிதமும்தான். அவர்களில் பலருடைய அம்மாக்கள் எந்த வேனில் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மா வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டு, மருந்தறைகள் இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. அச்சகமும் இல்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய சண்டையை மறுபடி கிளப்பினேன். அம்மா இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"பாரு. பத்து வெரலும் முழுசாத்தான இருக்கு? ஒண்ணும் ஆகலேல்ல?"

அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.