கீழ்வீட்டு ஃபுட்பால்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் இருந்தது. கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கல்யாணமாகி வந்த புதுசு. டிபெண்டென்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. 2005-ம் வருஷம், மரமெல்லாம் சிவப்பாகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் என் கணவர் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தார். கீழே ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது.

யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, கையில் கிடைத்த துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தது வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. ஆம்பிளை சைஸ் ஜெர்சி ஒன்று அவர் முழங்கால் வரை தொங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"கோல் போட்டுட்டாங்க! உள்ளே வா, லவ்" என்றார்.

லவ் என்று யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவர் ஊரில் கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அது புரியவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர். டிவியில் கேட்ட அமெரிக்க இங்கிலீஷ் எனக்கு ஓரளவு பிடிபட்டது, ஆனால் அவர் பேசியது இங்கிலீஷ்தானா என்றே சந்தேகமாக இருந்தது. வார்த்தைகளைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார். டீயில் மட்டும் எங்கள் வீட்டைப் போலவே பால் ஊற்றினார். அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு டிவியில் ஓடியது இங்கிலாந்தின் மேல் டிவிஷன் மேட்ச். அவருடைய சொந்த ஊர் கிளப் பல வருஷம் கீழ் டிவிஷனில் கிடந்து அந்த வருஷம்தான் மேலே வந்திருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அவர் கணவர் வசந்த காலத்தில் பால்கனியில் டிஷ் மாட்டி, தனி சேனலும் வாங்கியிருந்தார். சீசன் ஆரம்பிப்பதற்குள் அவர் இறந்துவிட்டார். ஜெர்சி அவருடையது.

"உங்களுக்கும் ஃபுட்பால் ரொம்பப் பிடிக்குமா ஆன்ட்டி?"

"எனக்கா? அவர் பார்ப்பார், நான் கிச்சனில் இருப்பேன். சத்தம் மட்டும்தான் கேட்கும்" என்றார்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. எங்கள் காயல்பட்டினம் ஃபுட்பால் பைத்தியம் பிடித்த ஊர். மைதானத்தில் ஆம்பிளைகள் கத்துவது வீட்டுக்குள் கேட்கும். காக்கா, அதாவது என் அண்ணன், வேர்வையோடு வந்து ஜெயிச்சாச்சு என்றோ பேசாதே என்றோ சொல்லுவார். அவ்வளவுதான். முழு மேட்ச் ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. அதனால், ஒன்றும் தெரியாத இரண்டு பெண்கள் அன்று முதல் சனிக்கிழமைதோறும் அந்த சோஃபாவில் உட்கார்ந்தோம். அவர் கணவரின் நாற்காலியில் மட்டும் இருவரும் உட்காரவில்லை.

முதல் வாரமே பெரிய கூத்து. இடைவேளைக்குப் பிறகு ஒருவன் வலப்பக்க கோலுக்குள் பந்தை அடிக்க, நாங்கள் இருவரும் எழுந்து கைதட்டினோம். திரையில் எங்கள் ஆட்கள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அடுத்த வாரம் ஒருவன் அழகாக கோல் போட்டான். ஓரத்தில் நின்ற ஆள் கொடியைத் தூக்க, கோல் இல்லை என்றார்கள்.

"ஏன் ஆன்ட்டி?"

"ஆஃப்சைடாம்."

"அப்படின்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவர் ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் உப்பு, மிளகு டப்பாவெல்லாம் வைத்துக் காட்டினார். நான் சரி சரின்னு தலையாட்டிட்டேன்" என்றார்.

எங்கள் கிளப் தோற்றுக்கொண்டே போனது. இருபது அணிகளில் கடைசி மூன்று கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும் என்று ஆன்ட்டி சொன்னபோது, அந்த மூன்று கிளப்பையும் இழுத்து மூடிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஜனவரியில் அதைவிடப் பெரிய குழப்பம். எங்களுக்காக கோல் போட்ட ஒரே பையனைக் காணவில்லை.

"வித்துட்டாங்க" என்றார் ஆன்ட்டி.

நான் மாடிக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். "மச்சான், ஆளை விப்பாங்களா?"

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்க கம்பெனில டெய்லி நடக்குது புள்ள. என் ப்ராஜெக்டும் முடிஞ்சுடுச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து நான் பெஞ்சுல. அடுத்த ப்ராஜெக்ட் வர்ற வரைக்கும் சும்மா உட்காரணும்."

மேட்சில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்கு அதற்குள் தெரியும். கோட்டைப் போர்த்திக்கொண்டு, எழுந்து நின்று காலை நீட்டி மடக்கி, கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மச்சானும் அப்படித்தான் இருந்தார். போன் அடித்தால் பாத்ரூமிலிருந்து ஓடிவருவார். திரும்பி ஊருக்கே போகவேண்டி வருமா என்று கேட்டால், "தெரியல" என்பார். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை கீழே போனால் அங்கேயும் யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் அங்கே அது கஷ்டமாக இல்லை.

பனி உருகும் சமயத்தில் மச்சானுக்கு டெக்சாஸில் ப்ராஜெக்ட் கிடைத்தது. இர்விங். உடனே ஜாயின் பண்ண வேண்டும். சொல்வதற்காக முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் செய்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஆன்ட்டி ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, "கஸ்டர்டு மாதிரி இருக்கு, ஆனால் கஸ்டர்டு இல்லை" என்றார். பிறகு, "சீசன் இன்னும் முடியலையே" என்றார். போகாதே என்று சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று தெரியவில்லை. கிளப் அப்போது கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இர்விங் அபார்ட்மென்டில் நெட் கனெக்‌ஷன் இருந்தது, அந்தச் சேனல் இல்லை. கடைசி மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் ஆடுமாம். காலையில் ஆன்ட்டி போன் பண்ணினார். எங்களுக்குக் கீழே இருந்த அணிக்கு எங்களைவிட இரண்டு பாயிண்ட் குறைவு. நாங்கள் தோற்று அவர்கள் ஜெயித்தால் நாங்கள் கீழே. எங்கள் மேட்ச் ஆன்ட்டியின் டிவியில் ஓடியது. அவர்களுடைய ஸ்கோரை நான் லேப்டாப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மச்சான் தரையில் உட்கார்ந்து இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒருத்தன் விழுந்துட்டான். மஞ்சள் கார்டு. யாருக்குன்னு தெரியலை" என்றார் ஆன்ட்டி. பிறகு சந்தோஷமாகக் கத்தினார். "கோல், லவ், கோல்!"

நானும் கத்தினேன். மச்சான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அய்யோ, அது நம்ம ஆள் இல்லை. நம்ம ஆளுங்க இன்னைக்கு வேற கலர் சட்டை போட்டிருக்காங்க" என்றார் ஆன்ட்டி.

அதற்குள் என் திரையில் மற்ற அணி ஒரு கோல் போட்டிருந்தது. சொன்னேன். அப்படியானால் நாங்கள் இப்போது கீழேயா என்று கேட்டார். ஆமாம் என்று நினைக்கிறேன் என்றேன். எங்கள் அணி இன்னொரு கோலும் வாங்கியது. மச்சான் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காத மனுஷர்.

"ரிஃப்ரெஷ் பண்ணு" என்றார். பண்ணினேன். மாறவில்லை. "திரும்பப் பண்ணு."

போனில் ஆன்ட்டி, "முடிஞ்சுடுச்சு, தோத்துட்டாங்க. எல்லாரும் புல்லுல உட்கார்ந்து அழறாங்க" என்றார். அதே நேரம் என் திரையில் மற்ற அணிக்கு எதிராக ஒரு கோல் விழுந்திருந்தது. ஒன்றுக்கு ஒன்று. பக்கத்தில், ஆட்டம் முடிந்தது என்று போட்டிருந்தது.

நான் விரல் விட்டு எண்ணினேன். மச்சானும் எண்ணினார். டிராவுக்கு ஒரு பாயிண்ட். அப்போதும் அவர்கள் எங்களுக்குக் கீழேதான்.

"ஆன்ட்டி, அவங்க ஜெயிக்கலை. நாம தப்பிச்சோம்!"

டிவியில் கூட்டம் ஆர்ப்பரிப்பது போனில் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் இப்போது கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள் என்று ஆன்ட்டி சொன்னார். பிறகு மெதுவாக வேறு ஏதோ சொன்னார். கிளப் கீழே போயிருந்தால் சேனலில் காட்டமாட்டார்கள், தானும் பார்ப்பதை நிறுத்தியிருக்கலாம், இப்போது இன்னும் ஒரு வருஷம் கணவருக்காகப் பார்க்க வேண்டும். என் காதில் விழுந்தது அப்படித்தான்.

"டீ குடிங்க ஆன்ட்டி" என்றேன். அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா, அதுவும் தெரியவில்லை.

போனை வைத்ததும் மச்சான் கேட்டார். "என்ன, சந்தோஷமா அவங்களுக்கு?"

"தெரியல மச்சான்."

"தோத்துட்டாங்கதானே?"

"தோத்துட்டாங்க."

"அப்புறம் ஏன் கூட்டம் குதிச்சுச்சு?"

நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது.

ஆகஸ்டில், இர்விங் வெயிலில் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆன்ட்டி போன் பண்ணினார். குரலில் ஒரே உற்சாகம். புது சீசன் சனிக்கிழமை ஆரம்பமாம். கிளப் புதிதாக ஒருவனை வாங்கியிருக்கிறதாம். அவன் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். உன்னால் லேப்டாப் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேட்டார்.

நான் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஆன்ட்டி, அன்னைக்கு நிறுத்திடலாம்னு சொன்னீங்களே?"

"நானா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே, லவ்."

பக்கத்து சீட்டில் மச்சான், பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை லேப்டாப் முன்னால் இருக்கிறேன் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன்.